துளை போட்ட மேசை

வீட்டிலேயே தச்சு வேலை பார்க்கிறவர்களுக்கு இன்று ஒரு தகவல். சில பட்டறை மேசைகளில் பலகை முழுக்க வரிசையாகத் துளை இருக்கும். அதில் முளைகளைச் செருகி, மரத்தை அணைத்து வைத்தால் மூலைமட்டம் இல்லாமலே நேராக அறுக்கலாம். ஜெர்மனியின் ஃபெஸ்டூல் மேசையில் துளை 20 மில்லிமீட்டர். மையத்துக்கு மையம் 96.

வீட்டில் செய்யும்போது ஒரு துளையிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போகாதீர்கள். கால் மில்லிமீட்டர் பிசகு, பத்து இடைவெளி தாண்டினால் இரண்டரை ஆகிவிடும். எல்லாவற்றையும் முதல் துளையிலிருந்தே அளக்க வேண்டும்.

துளை வரிசைகள் சேரும் மூலை சரியா? பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான், அப்போது யார் கவனித்தோம்! ஒரு பக்கம் மூன்று இடைவெளி, 288. மறுபக்கம் நான்கு, 384. குறுக்கே 480 வந்தால் மூலை சுத்தம். இங்கிலாந்தின் பீட்டர் பார்ஃபிட் வடிவமைத்த பார்ஃப் கைடு என்ற துளையிடும் கருவிக்கும் இதே கணக்குதான்.

முதலில் 3 மில்லிமீட்டர் துளை. குறுக்களவு பார்த்த பிறகே பெரிய துளை. எம்.டி.எஃப். பலகைக்கு அடியில் கழிவுப் பலகை ஒன்றை வைத்துத் துளையுங்கள், அடிப்பக்கம் பிய்யாது. முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.