பழைய வண்டி வாங்கும் முன், விற்கும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால், பேசியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தறி ஓடும் ஊரான பொதட்டூர்பேட்டைக்கும் பழைய கார் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அம்பாசிடர், பியட், பழைய புல்லட் எத்தனை என்று நம் தெருக்களில் ஒரு நடை போய் எண்ணிப் பாருங்கள். பெரியவர் வாங்கிய வண்டி. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுப்பா, போட்டோ எடுத்து நெட்ல போடு, நல்ல விலைக்குப் போகும்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. பியட் என்று நாம் சொல்லும் பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் பழைய கதை. இனிமேல் வராத வண்டி என்பதால் ஆசைப்பட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதிரி பாகங்களுக்கும் அப்படியே. வாங்குகிறவருக்கு "விட்டால் கிடைக்காது" என்ற தவிப்பு, விற்கிறவருக்கு "வந்த ஆளை விடக்கூடாது" என்ற அவசரம். மோசடிக்காரன் நுழைவது இந்த இரண்டு வாசல் வழியாகத்தான்.

வாங்குகிறவர்களுக்கு

நாடு முழுவதும் போலீசார் பல ஆண்டுகளாக எச்சரித்து வரும் முறை ஒன்று உண்டு. விளம்பரத்தில் வண்டி பளபளவென்று இருக்கும். விலை சந்தை விலையில் பாதி. போன் செய்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை" என்பார். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆர்.சி. புத்தகம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். வண்டியைப் பார்க்க வருகிறேன் என்றால், "முகாமுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், ராணுவ பார்சல் வண்டியில் வீட்டுக்கே அனுப்புகிறேன்" என்பார். முதலில் பார்சல் செலவு என்று இரண்டாயிரம், மூவாயிரம். பிறகு கேட் பாஸ், ஜி.எஸ்.டி., இன்சூரன்ஸ், "திரும்பக் கிடைக்கும் டெபாசிட்" என்று வரிசையாகக் கேட்பார். அந்த அட்டைகள் பெரும்பாலும் யாரோ ஒரு நிஜ ஜவானிடமிருந்து ஏமாற்றி வாங்கியவை.

நான் பணியில் இருந்தபோது ஒருவர் கவுண்டருக்கு வந்து, வடமாநிலக் கணக்கு ஒன்றுக்கு 18,000 ரூபாய் நெஃப்ட் அனுப்பச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். பழைய புல்லட்டுக்கு என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை போனிலேயே அனுப்பியிருந்தார். "வண்டியை நேரில் பார்த்தீர்களா?" என்றேன். பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து, "இதையும் கட்டலைன்னா முன்னாடி கட்டினது போயிடும்னு சொல்றாங்க சார்" என்றார். மூன்றாவது தொகை போகாமல் நின்றது. ஆனால் அவர் போலீசுக்குப் போகவில்லை. "வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்று சலானை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போன பணம் போனதுதான்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள். முன்பு கட்டியதைக் காப்பாற்ற இன்னும் கட்டு என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உதிரி பாகம் வாங்கும்போது போட்டோவை நம்ப வேண்டாம். வேறொருவர் போட்ட படத்தை எடுத்துப் போடுவது சுலபம். அன்றைய செய்தித்தாளை அந்தப் பாகத்தின் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். வீடியோ காலில் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. தட்டிக் கழித்தால் விட்டுவிடுங்கள். சென்னை புதுப்பேட்டை நமக்கு ஒரு நாள் பயணம்தான். மெக்கானிக்கோடு போய்த் தொட்டுப் பார்த்து வாங்கினால் பஸ் செலவோடு போகும்.

விற்கிறவர்களுக்கு

விற்கிறவர் பணம் வாங்கப் போகிறவர்தானே, அவருக்கு என்ன ஆபத்து என்று நினைக்காதீர்கள். இப்போது குறி வைக்கப்படுவது அவர்தான்.

ஒன்று: பேரமே பேசாமல் சம்மதிப்பார். "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபரில் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. கியூ.ஆர். கோடு தந்திரம் இன்னும் நடக்கிறது.

இரண்டு: "ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று போன் வரும். வங்கி அனுப்பியது போலவே ஒரு எஸ்.எம்.எஸ்.ஸும் வந்திருக்கும். எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன்ஷாட் எதையும் நம்பாமல், பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ இருப்பைப் பாருங்கள்.

மூன்று: செக், டிராஃப்ட். செக்கைப் போட்டதும் பணம் வந்துவிட்டதாக எண்ணி வண்டியைக் கொடுக்கக் கூடாது. கிளியரிங் முடிந்து, எடுக்கக்கூடிய இருப்பில் சேர வேண்டும். டிராஃப்ட் என்றால், 2018 செப்டம்பர் 15 முதல் வாங்கியவரின் பெயரும் அதன் முகப்பில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பெயர் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இருந்தாலும் வங்கிக் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் விவரம் வரும். வாட்ஸ்அப்பில் "ஆர்.டி.ஓ. செயலி", "அபராத ரசீது" என்ற பெயரில் வரும் ஃபைலைத் திறக்காதீர்கள்; போனையே பறிகொடுப்பீர்கள்.

நாம் எல்லையோர ஊர்க்காரர்கள். நகரியிலோ புத்தூரிலோ ஆந்திரப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கும். அதை இங்கே பதிவு மாற்ற, அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று வேண்டும். அது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் படிவம் 35. இவை தயாராகும் முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

விற்கிறவரும் பெயர் மாற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அந்த வண்டி எங்கோ மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். இந்தக் கட்டணம் அரசுக்குக் கட்ட வேண்டியது. "நான் பதிவு வாங்கித் தருகிறேன், என் போன் நம்பருக்கு அனுப்புங்கள்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய உள்துறையின் சைபர் மோசடி உதவி எண் இது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. தாமதம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். பிறகு உங்கள் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். உரையாடல், போன் எண், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்பது கடினம். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாம் தெரிவித்த பிறகும் கணக்கிலிருந்து முறைகேடாகப் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் உடனே சொல்வது முக்கியம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டி வாங்கவோ விற்கவோ போகும் உறுப்பினர்கள், முதல் ரூபாயை அனுப்பும் முன் சங்கத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். மாலை 5 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். வங்கியில் வேலை பார்த்த இன்னும் இரண்டு பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். காகிதங்களைப் பார்த்துச் சொல்ல பத்து நிமிடம் ஆகும். ஏமாந்தவர்கள் வந்தாலும் யாரும் கேலி செய்ய மாட்டோம். 1930-க்கு நாங்களே போன் போட்டுத் தருகிறோம். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று தயங்கினால் அந்த நேரத்தில் பணம் கைமாறிவிடும்.