கல்குவாரிக்குள் ஒரு கப்பல்

இங்கிலாந்தின் நடுவே இருக்கிறது லெஸ்டர்ஷையர். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் வெகு தூரம். ஆனாலும் சனி, ஞாயிறு விடிந்தால் போதும், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முக்குளிக்க ஆட்கள் வந்துவிடுகிறார்கள். எதில் முக்குளிக்கிறார்கள்? பழைய கல்குவாரி ஒன்றில். ஸ்டோனி கோவ் என்று பெயர்.

கல் வெட்டிய காலத்திலேயே அங்கே ஊற்றுத் தொல்லை. நீரை இறைத்து இறைத்துத்தான் வேலை நடந்தது. 1958-இல் வெட்டுவது நின்றது, இறைப்பதும் நின்றது. குழியை ஊற்றே நிரப்பிவிட்டது. வெட்டிய தட்டுகள் அப்படியே நீருக்குள் இருக்கின்றன. முதல் தட்டு ஏழு மீட்டருக்குள், அடுத்தது இருபதை ஒட்டி, அடிமட்டம் சுமார் முப்பத்தைந்து மீட்டரில். கற்றுக்கொள்ள வருபவர் முதல் தட்டோடு திரும்பிவிடுவார். வடகடலில் எண்ணெய் எடுக்கப் போனவர்களும் இங்கே பழகியவர்கள்தான்.

பவளமோ வண்ண மீனோ கிடையாது. கண்ணுக்கு விருந்து என்று சொல்ல மாட்டேன். அதனால்தானோ என்னவோ, 2000-இல் ஸ்டேன்கார்த் என்ற பழைய நீராவி இழுவைக் கப்பலைக் கொண்டுவந்து வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதைச் சுற்றிவரத்தான் கூட்டம்.

கோடையில் மேல் தண்ணீர் இதமாக இருக்கும். சில மீட்டர் இறங்கியதும், கோடு கிழித்ததுபோல் ஒரு குளிர் உதட்டில் சுரீரென்று அறையும். வெயிலில் காய்ந்த நீர் லேசு, மேலேயே தங்கிவிடும். கனத்த குளிர்நீர் கீழே கிடக்கும். அடியில் மாவு போன்ற வண்டல். ஒருவர் காலைக் கொஞ்சம் ஓங்கி உதைத்தால் பின்னால் வருபவருக்கு எல்லாமே பால் விட்ட டீதான்.

இருபது மீட்டரில் உடம்பின்மேல் மூன்று மடங்கு அழுத்தம். மூச்சோடு போகும் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தால், சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்த கதைதான். ரத்தத்துக்குள் குமிழி கிளம்பும். அதனால் நிதானமாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள். துணை ஆள் பக்கத்தில், காற்றின் அளவுமானி கையில்.

நம் ஊர்ப் பக்கமும் கைவிட்ட கல்குவாரிகள் உண்டு. அங்கே இந்த ஏற்பாடெல்லாம் ஏது? செங்குத்துப் பாறையில் கைப்பிடி கிடைக்காது. கரையிலிருந்து ஓரடி வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். லீவு நாளில் பிள்ளைகள் குளிக்கக் கிளம்பினால், எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கல்குவாரி என்றால் அனுப்பாதீர்கள்.