வேட்டைக்கு நடுவே ஒரு ஜீப்

செந்நாய்கள் வேட்டையாடுவதை நேரில் பார்ப்பவருக்கு அது எளிதில் தாங்கக்கூடிய காட்சியாக இருப்பதில்லை. புலி பதுங்கிப் பாய்ந்து குரல்வளையைக் கவ்விவிடும். மான் கொஞ்ச நேரத்தில் மூச்சடங்கிவிடும். செந்நாய்க்கு அந்த வலு இல்லை. அதன் எடை ஏறக்குறைய 15 கிலோ. வளர்ந்த ஆண் புள்ளிமானோ 70 கிலோவைத் தாண்டும். அதனால்தான் அது கூட்டமாக வேட்டைக்குப் போகிறது. முதுமலையில் பொழுது புலரும் நேரத்தில் புதருக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சீழ்க்கை ஒலி கேட்கும். கண்ணில் படாத கூட்டாளிகளுக்குச் செந்நாய்கள் கொடுக்கும் குரல் அது. மான் கூட்டம் வாலை உயர்த்திக் கத்திக்கொண்டு சிதறும். ஒரு மான் தனியே பிரிந்துவிட்டால் போதும். ஒரு நாய் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை தொடையையும் அடிவயிற்றையும் கிழிக்கும். மான் நின்றுகொண்டிருக்கும்போதே அவை தின்னத் தொடங்கிவிடும்.

சாலையோரம் நிற்கும் வண்டியிலிருந்து இதைப் பார்ப்பவர்களில் ஒருவராவது "ஹாரன் அடிங்க, விரட்டுங்க" என்று பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் இருப்பது இரக்கம். உயிர் துடிப்பதைக் கண்டு மனம் துடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்த ஹாரன் ஒலித்த பிறகு காட்டில் என்னென்ன நடக்கிறது என்பதையும் அதே இரக்கத்தோடு கடைசிவரை பார்க்க வேண்டியிருக்கிறது.

செந்நாய்கள் விலகி ஓடும். வயிறு கிழிந்த மான் எழுந்து நிற்காது. சில நிமிடங்களில் முடிந்திருக்கும் வேதனை மணிக்கணக்கில் நீளும். பசியோடு போன கூட்டம் பசியோடே இருந்துவிடாது. மாலைக்குள்ளோ மறுநாள் காலையிலோ இன்னொரு மானைப் பிடிக்கும். இப்படித் தடுக்கப்பட்ட வேட்டையால் ஒரு மானுக்குப் பதில் இரண்டு மான்கள் சாகின்றன.

கூட்டத்துக்குப் பின்னால் குட்டிகளும் இருக்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் செந்நாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டிக் குட்டி போடுகின்றன. பொதுவாக ஒரு கூட்டத்தில் ஒரு பெண் நாய்தான் ஈனும், வளர்ப்பதோ எல்லோரும். வேட்டை முடித்த நாய் வயிறு நிறைய இறைச்சியோடு வளைக்குத் திரும்பும். குட்டிகள் ஓடிவந்து அதன் வாயை மூக்கால் முட்டும். அது விழுங்கியதைக் கக்கி ஊட்டும். குட்டிகளோடு தங்கிவிட்ட தாய்க்கும் அதில் பங்கு உண்டு. நாங்குநேரியில் பிறந்த மறைந்த காட்டுயிர் அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங் 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இந்தியக் காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டியை இந்தியர் ஒருவர் முறையாக ஆராய்ந்த முன்னோடிப் பணி அது. செந்நாய் வெறிபிடித்த கொலைகார விலங்கு என்ற பழைய பேச்சை மாற்றியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. வேட்டைக்குக் கூடவே வரும் அளவு வளர்ந்த குட்டிகளை முதலில் தின்னவிட்டுப் பெரியவை காத்திருக்கும் என்பதும் இன்று நன்கு தெரிந்த செய்தி.

அந்தப் பழைய பேச்சு எவ்வளவு உயிர்களைக் குடித்தது! பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், தாங்கள் சுட வேண்டிய மான்களைத் தின்று தீர்க்கிறது என்று வேட்டைப் பிரியர்கள் செந்நாயை வெறுத்தார்கள். அது கொல்லும் விதம் கொடூரமானது என்பது அந்த வெறுப்புக்கு நல்ல காரணமாகக் கிடைத்தது. கொன்று காட்டியவருக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது. நீலகிரியிலும் இது நடந்தது. இன்று உலகம் முழுவதும் வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. செந்நாய்களை விரட்டிவிட்டு இரையை இறைச்சிக்காக எடுத்துப்போகும் வழக்கமும் முதுமலைப் பகுதியில் இருந்திருக்கிறது. காட்டில் இறந்து கிடக்கும் விலங்கின் உடல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் சொத்து. யாரும் தூக்கிச் செல்ல முடியாது. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளும் வேட்டையில் மிஞ்சும் இறைச்சியை நம்பி வாழ்கின்றன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து நாடெங்கும் கழுகுகளைக் கொன்றுவிட்ட பிறகு, நஞ்சில்லாத காட்டுப் பிணம் அவற்றுக்கு எவ்வளவு பெரிய ஆதாரம்!

இரைக்கு இரங்குவதா, வேட்டை விலங்கின் பசியை மதிப்பதா என்ற இந்தச் சிக்கல் தமிழ் மரபுக்குப் புதிதல்ல. பருந்துக்குத் தப்பி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தராசில் ஏறிய மன்னனைச் சோழர் தங்கள் முன்னோனாகப் போற்றினார்கள். அந்தக் கதையைச் சொல்பவர்கள் புறாவின் மேல் காட்டிய கருணையோடு நிறுத்திவிடுகிறார்கள். பருந்தின் பசியும் நியாயமானது என்று மன்னன் ஏற்றுக்கொண்டதால்தான் அங்கே தராசு வந்தது. பருந்தைக் கல்லெறிந்து விரட்டியிருந்தால் அது கதையாகவே ஆகியிருக்காது. ஹாரன் அடிப்பவரின் இரக்கம் மானிடம் மட்டுமே போய்ச் சேர்கிறது; அதற்குரிய விலையை வளைக்குள் காத்திருக்கும் குட்டிகள் கொடுக்கின்றன.

விரட்டினால்தான் குறுக்கீடு என்பதும் இல்லை. வெறுமே பார்ப்பதே பெரிய குறுக்கீடாக முடியும். கென்யாவின் மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகள் பகல் வெளிச்சத்தில் வேட்டையாடுகின்றன. சுற்றுலா வண்டிகள் அலையும் நேரமும் அதுவே. வண்டிகள் சூழ்ந்தால் இரை உஷாராகிவிடும், வேட்டை பிசகும், பிடித்த இரையையும் நிம்மதியாகத் தின்ன முடியாது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சுற்றுலா மிகுந்த பகுதிகளில் ஒரு தாய் தன் ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கியது சராசரியாக 0.2 குட்டி. சுற்றுலா குறைந்த பகுதிகளில் 2.3 குட்டிகள். அந்த வண்டிகளில் வந்தவர்கள் சிவிங்கிப்புலியை நேசித்து, பெரும் பணம் செலவழித்து வந்தவர்கள்.

குட்டியின் மேல் நேரடியாகக் காட்டும் பரிவும் தவறிப்போகலாம். 2016-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், குளிரில் நடுங்குவதாக நினைத்து ஒரு காட்டெருமைக் கன்றைப் பயணிகள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மந்தை அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கன்று மக்களையும் வண்டிகளையுமே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பூங்கா நிர்வாகமே அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

அப்படியானால் மனிதர் எப்போதுமே கை கட்டி நிற்க வேண்டுமா? அப்படி யாரும் விதி செய்துவிட முடியாது. அண்டார்டிகாவில் பனிப்பள்ளத்தில் சிக்கித் தவித்த பெங்குவின்களுக்காக பி.பி.சி. படக்குழு பனியை வெட்டிச் சரிவுப் பாதை அமைத்தது. 2018-இல் ஒளிபரப்பான அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். அங்கே எந்த விலங்கின் இரையும் பறிக்கப்படவில்லை, எதுவும் தொட்டுத் தூக்கப்படவில்லை; வழி மட்டும் திறந்தது. பட்டிக்குள் புகும் விலங்கிடமிருந்து ஆட்டைக் காப்பதும் ஆட்டுக்காரரின் உரிமை.

மனிதரால் வந்த துன்பமோ முழுக்க முழுக்க மனிதரின் கடன். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் கரடி விழுகிறது. காட்டுச் சாலையில் வேகமாக வந்த வண்டி மானின் காலை முறிக்கிறது. இங்கெல்லாம் தயங்கி நிற்பது பெரும் பிழை. அப்போதும் விலங்கைத் தொடாமல், கூட்டம் சேரவிடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்வதே முதல் வேலை. மயக்க ஊசியும் மருத்துவரும் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும்.

வேட்டையைக் காண நேர்ந்தவர் செய்ய வேண்டியவை சில. எஞ்சினை அணைக்க வேண்டும். இரைக்கும் வேட்டை விலங்குக்கும் நடுவே வண்டியை நிறுத்தக் கூடாது. அவை ஓடும் வழியை மறிக்கவும் கூடாது. கீழே இறங்குவது, கத்துவது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது எதுவும் வேண்டாம். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது சட்டப்படி குற்றம். பின்னால் நிற்கும் வண்டியிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டால், கீழே இறங்காமல் சைகையால் நிறுத்தச் சொல்லும்படி ஓட்டுநரிடம் கேட்கலாம். படம் எடுத்தவர்கள் இடத்தின் பெயரை உடனே ஊருக்கெல்லாம் அனுப்பாமல் இருப்பதும் நல்லது. அடுத்த அரை மணி நேரத்தில் அங்கே இருபது வண்டிகள் வந்து நின்றால், பாதி தின்ற இரையை விட்டுவிட்டுச் செந்நாய்கள் போய்விடும்.