பழைய பிளக்கை உடனே தூக்கிப் போட்டுடாதீங்க

ஏர் ஃபில்டர் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, ஸ்பார்க் பிளக்கை நாமளே வீட்ல மாத்தலாமா?"

தாராளமா மாத்தலாம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல, ஞாயித்துக்கிழமை காலையில, காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதனால மாத்துற வேலையைவிட, கழட்டின பழைய பிளக்கை என்ன பண்றதுங்கிறதைத்தான் இன்னைக்கு நான் அதிகமா பேசப் போறேன். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே குப்பையில போட்டுடறாங்க.

பிளக்கோட நுனி சிலிண்டருக்குள்ள, பெட்ரோலும் காத்தும் சேர்ந்து எரியுற இடத்துலயே இருக்கு. எஞ்சினைப் பிரிக்காம உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க நமக்கு இருக்கிற சுலபமான வழி அதுதான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்றாரு இல்லையா, அந்த மாதிரி.

நுனி லேசான பழுப்பு நிறத்துல, பிஸ்கட் கலர்ல இருந்தா எஞ்சின் நல்லா இருக்கு. சட்டியோட அடிக்கரி மாதிரி கறுப்பா, காய்ஞ்ச பொடியா இருந்தா பெட்ரோல் அதிகமாப் போகுது, இல்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு, இல்ல ஸ்பார்க் சரியா வரல. கறுப்பா, ஈரமா, எண்ணெய்ப் பிசுக்கோட இருந்தா எஞ்சின் ஆயில் உள்ளே வருதுன்னு அர்த்தம். ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்கணும். சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா இருந்தா எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகுது. வெள்ளையைப் பார்த்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க, உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

நம்ம ஊர் வண்டியில அதிகம் பார்க்கிறது காய்ஞ்ச கறுப்புதான். நுனி சுமார் 450-500 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினாதான் அதுமேல படியற கரி தானா எரிஞ்சு போகும். கிண்டியில இருந்து தி.நகருக்கு சிக்னல் சிக்னலா நின்னு போற வண்டிக்கு அந்தச் சூடு எப்பவாவதுதான் கிடைக்கும். அதனால லேசாக் கறுத்திருந்தா பயப்பட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, எங்க தெருவுல உணவு டெலிவரி பண்ற ஒரு தம்பி இருக்கான். பழைய பல்சர் 150, கார்புரேட்டர் மாடல். காலையில ஸ்டார்ட் ஆகாது, மைலேஜும் இறங்கிடுச்சு. ஒரு பட்டறையில காட்டியிருக்கான். எஞ்சின் இறக்கணும், 8,000 ரூபாய் ஆகும், மூணு நாள் வண்டியை விடணும்னு சொல்லிட்டாங்க. வண்டி மூணு நாள் நின்னா அவனுக்கு மூணு நாள் வருமானம் போச்சு. "கடன் வாங்கிடட்டுமாக்கா?"ன்னு கேட்டான். "முதல்ல பிளக்கைக் கழட்டுடா, பார்த்துட்டுச் சொல்றேன்"னேன்.

அந்த வண்டியில ஒரே சிலிண்டருக்கு ரெண்டு பிளக், பக்கத்துக்கு ஒண்ணு. ஒரு பக்கம் நல்ல பிஸ்கட் கலர். இன்னொரு பக்கம் அட்டக் கறுப்பு, ஆனா எண்ணெய் இல்ல. இங்கதான் கொஞ்சம் யோசிக்கணும். ரெண்டுக்கும் அதே கலவை, அதே பிஸ்டன். பெட்ரோல் கலவையில கோளாறுன்னா ரெண்டுமே கறுத்திருக்கணும். ரிங் போயிருந்தா எண்ணெய்ப் பிசுக்காவது தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு மட்டும் கறுத்திருந்தா சந்தேகம் அந்தப் பக்கத்துக் கரண்ட் மேல போகணும். பிளக் கேப்பைத் திருகிக் கழட்டினோம். வயர் நுனி பச்சையா பூத்திருந்துச்சு, மழைத்தண்ணி வேலை. அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு கேப்பைத் திரும்பத் திருகி, ரெண்டு பிளக்கும் புதுசா போட்டோம். மறுநாள் காலையில செல்ஃப் ஒரே தட்டுல எடுத்துச்சு. பட்டறைக்காரரைத் திட்ட நான் வரல. எல்லா வண்டிக்கும் இவ்வளவு மலிவா முடியும்னும் சொல்ல மாட்டேன். ஆனா எஞ்சினை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி யாருமே அந்த ரெண்டு பிளக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலங்கிறதுதான் எனக்குக் கடுப்பு.

சரி, மாத்துற வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். ஹெட் அலுமினியம், சூட்டுல பிளக்கைத் திருகினா மரை போயிடும். மரை போனா லேத் பட்டறைக்குத்தான் போகணும், மிச்சம் பிடிச்ச காசு அங்க போயிடும். பிளக்கைச் சுத்தி இருக்கிற மண்ணை முதல்ல ஊதித் தள்ளுங்க, இல்லேன்னா கழட்டினதும் அது சிலிண்டருக்குள்ள விழும். வயரைப் பிடிச்சு இழுக்காம கேப்பைப் பிடிச்சு இழுங்க. டூல் கிட்ல குழாய் மாதிரி ஒரு பிளக் ஸ்பேனர் இருக்கும், அதை நேரா வச்சுக் கழட்டுங்க.

புதுசைப் போடும்போது ஸ்பேனரைத் தொடவே தொடாதீங்க. விரலால மட்டும். முதல்ல இடது பக்கமா, அதாவது கழட்டுற திசையில மெதுவாச் சுத்துங்க. மரை ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடத்துல சின்னதா ஒரு 'டக்' தெரியும். அதுக்கப்புறம் வலது பக்கம் திருப்புங்க. விரலுக்கே சுலபமா உள்ளே போகணும். மக்கர் பண்ணினா வெளியே எடுத்துட்டு மறுபடி ஆரம்பிங்க. வாஷர் போய் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால சுமார் அரைச் சுத்து, புதுப் பிளக்குக்கு அது போதும். பெட்டியில அளவு போட்டிருந்தா அதையே கேளுங்க. பழைய பிளக்கையே திரும்பப் போட்டா அரைச் சுத்துல பாதிகூட வேண்டாம், ஏன்னா வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயம். பிளக் மேல இருக்கிற நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி வேற அர்த்தம். என்ஜிகேல நம்பர் ஏற ஏற பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்திடும். பாஷ்லயும் சாம்பியன்லயும் அது தலைகீழ். அதனால "இதே நம்பர்தான், வேற கம்பெனி"ன்னு கடைக்காரர் நீட்டினா வாங்காதீங்க. மேனுவல்ல இருக்கிற முழுப் பெயரையும் காட்டி வாங்குங்க. நடுவுல வர்ற ஆர் எழுத்தையும் விட்டுடாதீங்க. அது ரெசிஸ்டர் பிளக். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில அது இல்லேன்னா ஸ்பார்க்கோட மின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பலாம்.

கழட்டின பிளக் இன்னும் ஓடுற நிலையில இருந்தா, துடைச்சு புதுப் பிளக் வந்த பெட்டியில போட்டு, மேல கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி சீட்டுக்கு அடியில வச்சுக்கோங்க. வெள்ளத்துல மாட்டி வண்டி நின்னா கைகொடுக்கும். உங்க பிளக் போட்டோவை அனுப்புங்க, கலரைப் பத்திச் சந்தேகம் இருந்தா அடுத்த வாரம் பேசுவோம். ஃபிளாஷ் போடாம, வெயில்ல வச்சு எடுங்க. ஃபிளாஷ்ல எல்லாப் பிளக்குமே வெள்ளையாத்தான் தெரியுது.