உருட்டிப் பார்க்காத அம்பு

நான் இருக்கும் மிச்சிகனில் அக்டோபர் 1 பிறந்தால் மான் வேட்டைக்கு வில்லெடுக்கலாம். அதற்கு முன்பே வில் கடைகளில் பெருமை பேசத் தொடங்கிவிடுவார்கள். "என்னுடையது பாயிண்ட் ஸீரோ ஸீரோ ஒன்" என்பார் ஒருவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கோணல் இல்லாத கார்பன் அம்பு என்று அர்த்தம். ஆயிரத்தில் ஆறு பங்கு வாங்கியவர் பேச்சு வராமல் நிற்பார். ஆறு பங்கு என்றாலும் 0.15 மில்லிமீட்டர்தானே ஐயா! இருபது கஜத்தில் எய்கிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரியும்?

டப்பாவில் அச்சிட்டிருப்பது வெறும் தண்டின் கணக்கு. அதன் பிறகு தண்டை வெட்டியது நீங்கள். உள்ளே முனையைத் தாங்கும் இன்சர்ட்டை ஒட்டியது நீங்கள், முனையைத் திருகியது நீங்கள். கோணல் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் உருட்டிப் பாருங்கள். வேட்டை முனையை மாட்டி, ஒரு பலகையில் நுனி படும்படி அம்பை நிறுத்தி, விரல்களுக்கிடையே பம்பரமாகச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அந்த இடம் அசையாமல் நின்றால் சரி. மங்கலாக ஆடினால் முனையைக் கழற்றி, தண்டின் வாயை உப்புத்தாளில் சமப்படுத்தி, மறுபடி மாட்டி, மறுபடி உருட்டுங்கள். பயிற்சி முனை சின்னக் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். வேட்டை முனை பொறுக்காது. அதன் அலகுகள் முன்னாலேயே காற்றைப் பிடித்து, பின்னால் இருக்கும் இறகோடு மல்லுக்கு நிற்கும்.

அம்பை நிமிர்த்தும் விஷயத்தில் எனக்குக் குரு என்றால் இஷி. பெயரைக் கேட்டிருப்பீர்கள். கலிபோர்னியாவின் யாஹி இனத்தார் குடியேறிகளால் வேட்டையாடிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் தப்பிப் பல்லாண்டு ஒளிந்து வாழ்ந்த இஷி, 1911 ஆகஸ்டில் ஓரோவில் ஊரின் இறைச்சிக் கொட்டடி அருகே தனியாளாக வந்து நின்றார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்தபோது, சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடம் வில் பழகினார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். கண்டதையெல்லாம் போப் எழுதிவைத்தார். 1923இல் வந்த அவருடைய வில்வேட்டைப் புத்தகத்தை நான் அடிக்கடி புரட்டுவேன், அதிலும் அம்பு செய்கிற பக்கங்களை.

ஹேசல் புதரின் குச்சிகளை வெட்டி, பட்டையை உரித்து, கட்டாகக் கட்டி உலரப்போடுவார் இஷி. பிறகு சின்னத் தணல் குவியல் முன்னால் உட்காருவார். குச்சி முழுவதையும் வாட்டமாட்டார், அதைத்தான் நான் ரசிப்பேன். வளைவின் குழிந்த பக்கத்தை மட்டும் தணலுக்குக் காட்டுவார். சூடேறியதும் எதிர்ப்பக்கத்தில் கால் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். இல்லையென்றால் கைக் கட்டைவிரலின் அடிச்சதையில் வைத்துப் பின்னோக்கி வளைப்பார். ஒரு கண்ணைச் சுருக்கி நீளவாக்கில் பார்ப்பார். அடுத்த வளைவு. மறுபடி தணல், மறுபடி விரல், மறுபடி கண். விரல் கணக்கில் ஐந்தைந்தாகச் செய்வார். எல்லாம் நிமிர்ந்த பிறகுதான் இரண்டு மணற்கல் துண்டுகளுக்கு இடையில் வைத்து வழவழப்பாக்குவார்.

ஊரில் சிலம்பக் கம்பை வாட்டிக் கோணல் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, போப்பின் அந்தப் பக்கங்கள் எனக்கு அந்நியமாகவே படவில்லை. எங்கள் கிளப்பில் மின் அடுப்பின் மேல் தேவதாரு அம்பைக் காட்டிவிட்டு, ஷூவைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்துவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சூடு ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தால் மரம் சொன்னபடி கேட்கும். ஆனால் மழைக்காலம் வந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஆகவே மரத்தம்பை மூலையில் சாய்த்துவைக்காதீர்கள். படுக்கவைத்தாலும் தொங்கவிட்டாலும் உடம்பு முழுக்க நேராக இருக்கவேண்டும். வேட்டைக்குப் புறப்படும் காலையில் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வாங்கிய அன்று பார்த்தது கணக்கில் வராது.

அலுமினிய அம்புக்கு டயல் கேஜ் வைத்துப் பெண்ட் எடுக்கும் கருவி இருக்கிறது. நல்ல கருவிதான். ஒரே இடத்தில் பலமுறை எடுத்தால் உலோகம் சோர்ந்துபோகும், அவ்வளவே.

கார்பனுக்குப் பெண்ட் எடுக்கும் வேலையே கிடையாது. அது நேராக இருக்கும், இல்லையேல் உடைந்திருக்கும். பார்வைக்கு நேராகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும், அதுதான் ஆபத்து. எய்யும் முன் முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து, இரு கையாலும் மெல்ல வளைத்து, உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் காது கொடுங்கள். சடசடவென்று சின்னச் சத்தம் வந்தால் அதை நாணில் பூட்டாதீர்கள். எய்யும்போது நொறுங்கினால் சில்லுகள் வில் பிடித்த கையில் ஏறிவிடும். அன்றைக்கே குப்பையில் போடுங்கள். "பயிற்சிக்கு ஆகும்" என்று அம்பறாத்தூணியில் விட்டுவைத்தால், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.