கடன் கணக்கிலிருந்து முதலீட்டு நிர்வாகத்திற்கு



தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர், இன்று ஜார்ஜ் டவுனில் வங்கிகளிலும், காப்புறுதிக் கம்பெனிகளிலும், கணக்காய்வு அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சில ஆண்டுகள் போனபின், அவர்களில் ஒருசிலருக்கு, முதலீட்டு நிர்வாகத் துறைக்கு மாறலாமா என்ற எண்ணம் வருகிறது. அதை வீட்டில் சொன்னவுடன், "கையிலிருக்கும் நல்ல வேலையை விட்டுவிட்டுப் பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்கா போகிறாய்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்த அச்சம் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், அந்த வேலை என்ன? பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அதை அரசாங்கப் பத்திரம், கம்பெனிப் பங்கு, நிலம், கட்டடம் என்று பலவகையில் பிரித்துப் போட்டு, காலமறிந்து மாற்றி, காத்து வளர்ப்பதுதான் அந்த வேலை. இது நமக்குத் தொடர்பில்லாதது என்று எண்ணிவிட வேண்டாம். நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் பணம் ஊழியர் சேமநிதி வாரியத்துக்குப் போகிறதல்லவா? 1951-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த வாரியம், இப்படித்தான் நம் பணத்தை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பிரித்துப் போடுகிறது. நம் முதுமைக்காலச் சோறு அந்த நிர்வாகிகளின் நிதானத்தில் இருக்கிறது. ஆகவே அது சூதாட்டமல்ல. பிறர் பணத்தைப் பேணும் பொறுப்பு.

இந்தத் தொழிலின் அடிப்படையைத் தோட்டத்து வீடு நன்றாக அறியும். விடாமல் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் பால் வெட்டினாலும், மழை நாளில் மூன்று பேர் வருமானமும் சேர்ந்தே நிற்கும். அதே வீட்டில் ஒருவர் பால் வெட்டி, ஒருவர் தையல் தைத்து, கொட்டகையில் நான்கு ஆடும் இருந்தால், மழை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடாது. எத்தனை வருமானம் என்பதைவிட, அவை ஒன்றாக விழுமா, தனித்தனியாக நிற்குமா என்பதே முக்கியம்.

இதை மறந்தால் எவ்வளவு பெரிய தொழிலும் ஆட்டம் காணும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி இரதம் புறப்படும் பினாங்குத் தெருவை நாம் எல்லாரும் அறிவோம். அங்கேதான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கடன் கொடுத்து வாங்கும் தொழிலை அவர்கள் ஒரு பள்ளிக்கூடம் போலவே நடத்தினார்கள். சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், கணக்கு எழுதக் கற்று, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வான். கடன் கேட்டு வருபவன் யார், அவன் நாணயம் எப்படி, ஈடு என்ன என்று எடை போடுவதில் அவர்கள் வல்லவர்கள்.

அதே செட்டியார்கள் பர்மாவில் நெல் விவசாயிகளுக்கு ஏராளமாகக் கடன் கொடுத்திருந்தார்கள். 1930-ஐ ஒட்டி உலகப் பெருமந்தம் வந்து, நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது சுமார் 25 சதவீதம் ஆயிற்று. பிறகு 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு. 1948-இல் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம். பெரும் செல்வம் கைவிட்டுப் போயிற்று.

ஒவ்வொரு கடனாளியையும் தனித்தனியே எடை போட்டதில் அவர்கள் தவறவில்லை. ஆனால் கடனாளிகள் ஆயிரம் பேர் என்றாலும், அத்தனை பேரும் நம்பியிருந்தது ஒரே நெல்லை. கடன் கொடுப்பவர், "இவன் திருப்பித் தருவானா?" என்று கேட்கிறார். முதலீட்டு நிர்வாகி அதோடு, "இது விழுந்தால் கூடவே வேறு எவை விழும்?" என்றும் கேட்க வேண்டும். தொழில் மாறும் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

காலத்தில் மாறியவர்களும் உண்டு. 1900-இல் பர்மாவின் மோல்மேனில் வட்டித் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார், போருக்கு முன்பே தங்கள் முதலைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பினார்கள். சைக்கிள், சாணைக்கல், உரம், சர்க்கரை என்று பல தொழில்களில் அது பின்னர் பரவியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்ட அந்த வங்கி, விரைவில் பினாங்குக்கும் வந்தது. பழைய கணக்கறிவை விட்டுவிடாமல் புதிய முறையைச் சேர்த்துக்கொண்டவர்கள் இவர்கள்.

இனி நம் பிள்ளைகளின் காரியத்துக்கு வருவோம். வங்கியில் கடன் விண்ணப்பங்களை ஆராய்ந்தவருக்கு, ஒரு கம்பெனியின் வரவு செலவைப் படிக்கத் தெரியும். கணக்காய்வு செய்தவருக்கு, எண்கள் எங்கே ஒளிந்துகொள்ளும் என்பது தெரியும். காப்புறுதியில் இருந்தவருக்கு, நட்ட அபாயத்தை முன்கூட்டி அளக்கத் தெரியும். இவையெல்லாம் கைமுதல். முகப்பில் பணம் எண்ணும் வேலை மட்டும் பார்த்தவர், முதலில் கடன் பிரிவுக்கோ கணக்குப் பிரிவுக்கோ மாறி, இந்தக் கைமுதலைத் தேடிக்கொள்வது நல்லது.

அடுத்தது படிப்பு. சி.எஃப்.ஏ. என்னும் உலகளாவிய தகுதிக்கு மூன்று நிலைத் தேர்வுகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கட்டணம் அமெரிக்க டாலரில். தேர்வுகளோடு, குறைந்தது மூன்று ஆண்டுத் தொழில் அனுபவமும் கேட்பார்கள். வேலையில் இருந்துகொண்டே இரவில் படித்து எழுதியவர்கள் பலர். இந்தத் தகுதி மட்டும் வேலையை வாங்கித் தந்துவிடாது. ஆனால் கதவைத் தட்டத் துணிவு தரும். நம் நாட்டில் பிறர் பணத்தை நிர்வகிப்பதற்கு, 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டப்படி, பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் வேண்டும்.

மாறியவுடன் யாரும் நிர்வாகி நாற்காலியில் உட்கார வைக்கமாட்டார்கள். முதலில் ஆய்வு உதவியாளர் வேலை. ஒரு கம்பெனியைப் பற்றிப் படித்து, வாங்கலாமா வேண்டாமா என்று அறிக்கை எழுதும் வேலை. சம்பளம் சில காலம் குறையவும் கூடும். முதலீட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் கோலாலம்பூரில் இருப்பதால், பினாங்கை விட்டுப் போகவும் நேரலாம். ஆகவே முதல் தேர்வாவது தேறும் முன்பு வேலையை விட வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கட்டும். வேலை பார்க்கும் வங்கியின் குழுமத்திலேயே முதலீட்டுப் பிரிவு இருந்தால், அங்கே மாற்றல் கேட்பது எல்லாவற்றிலும் எளிய வழி.

பெற்றோர்களே, ஓர் எச்சரிக்கை. "பழகிப் பார்க்கிறேன்" என்று சொல்லி, லயத்தில் இருப்பவர்களிடம் பணம் திரட்ட எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். உரிமமின்றிப் பிறர் பணத்தை முதலீடு செய்து நடத்துவது குற்றம். மாதாமாதம் பெரிய லாபம் என்று ஆசை காட்டிய பணவிளையாட்டுத் திட்டம் 2017-இல் இதே பினாங்கில் சரிந்ததையும், பணம் போட்டவர்கள் தவித்ததையும் நாம் பார்த்தோம். யார் வந்து கேட்டாலும், ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பேசுங்கள்.

பத்து வெள்ளியின் அருமை தெரிந்தவர்கள் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவை துண்டாடப்பட்டு, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது, 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில், கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. அதைக் கண்ணால் கண்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை, கோடி வெள்ளியைக் கையாளும்போதும் அதை வெறும் எண்ணாக நினைக்கமாட்டான், நினைக்கமாட்டாள்.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ இந்த எண்ணத்தோடு வந்தால், உடனே தடுக்க வேண்டாம். என்ன தேர்வு எழுதப் போகிறாய், எத்தனை மாதத்துக்குச் சேமித்திருக்கிறாய், எந்தக் கம்பெனியில் கேட்கப் போகிறாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால், வாழ்த்தி அனுப்புங்கள். இல்லையென்றால், பதிலைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.