இன்னொரு தலையணை ஏன்?



இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டதாகவே நாம் பயப்படுகிறோம். உண்மையில் அது களைத்த இதயம். அழுத்தத்தைக் காக்க உடல் குருதிக்குழாய்களை இறுக்குகிறது. பொரளைச் சந்தியில் பாதை ஒடுங்கினால் பஸ் திணறுவதுபோல இதயம் இன்னும் திணறுகிறது.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் எனாலாபிரில் மாத்திரையை, கேரளத்தில் பிறந்த டொக்டர் சலீம் யூசுப் முன்னின்ற ஆய்வு 2,569 நோயாளரிடம் சோதித்தது. 1991இல் முடிவு வந்தது. போலி மாத்திரை எடுத்தோரைவிட மரண அபாயம் 16 வீதம் குறைவு.

ஆனால் கால்வீக்கம் வற்றியதும் நம் அம்மாமார் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மூச்சிளைத்தால், "வயசு போயிட்டுது" என்கிறார்கள். படுக்கும்போது இன்னொரு தலையணை கேட்டால், ஏனென்று நாமும் கேட்போம். அடுத்த கிளினிக்குக்கு நாமே கூட்டிச் செல்வோம்.